ரெய்டா, அசால்ட்டா, இன்வேஷனா?

போர் வரலாறு பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். 1942 ஆகஸ்ட் 19 அன்று பிரான்சின் தியெப் துறைமுகத்தில் நேசநாட்டுப் படை இறங்கியதைப் பற்றியது. முதல் வரைவில் அதை ‘இன்வேஷன்’ என்று எழுதியிருந்தேன். சுமார் 6,000 வீரர்கள், டாங்கிகள், கப்பல்கள், விமானங்கள். இவ்வளவு பெரிய படைக்குப் பெரிய சொல்தான் வேண்டும் என்று தோன்றியது. திருத்தும்போது அதை அடித்துவிட்டு ‘ரெய்டு’ என்று மாற்றினேன். இப்போது அதுதான் சரி என்று உறுதியாக நினைக்கிறேன்.

‘அட்டாக்’ நம்முடைய ‘தாக்குதல்’ மாதிரி, எங்கும் பொருந்தும். அதனாலேயே எதையும் பிரித்துக் காட்டாது. ‘ஆஃபென்சிவ்’ ஒரு சண்டையல்ல, பல இடங்களில் நாள்கணக்கில் நீளும் படைநகர்வு. 1968இல் தென் வியட்நாமில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் வெடித்த டெட் ஆஃபென்சிவ் அப்படிப்பட்டது.

மற்றவற்றுக்கு நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: வந்தவன் தங்க வந்தானா, திரும்பிப் போக வந்தானா? படையின் அளவு இதில் கணக்கே இல்லை. தியெப்பில் இறங்கியவர்கள் அன்றைக்கே கப்பலேறிவிட வேண்டும் என்பதுதான் திட்டம். கனடா வீரர்களில் 900 பேருக்கு மேல் மாண்டார்கள், ஏறக்குறைய 1,900 பேர் பிடிபட்டார்கள். அத்தனை பேர் திரும்பாமல் போனாலும் அது ரெய்டுதான். என்ன நடந்தது என்பதைவிட என்ன நினைத்து வந்தார்கள் என்பதே இந்தச் சொல்லைத் தீர்மானிக்கிறது. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் இறங்கியவர்களோ காலூன்றி முன்னேற வந்தவர்கள், அது இன்வேஷன். அந்த நாளிலேயே, குண்டுமழைக்கு நடுவே கரையேறி எதிரியின் அரண்களை நெருங்கி உடைத்த கட்டம் மட்டும் ‘அசால்ட்’.

‘ரெய்டு’ ஸ்காட்லாந்து வழக்கிலிருந்து வந்த சொல். குதிரையேறிப் போவதைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல் அதன் வேர். ‘ரோடு’ம் அதே வேரில் கிளைத்ததுதான். எல்லை தாண்டிப் போய் மாடுகளை ஓட்டிவந்த காலத்தின் வாசனை அதில் இருக்கிறது. இதை அறிந்ததும் எனக்கு வெட்சித்திணைதான் நினைவுக்கு வந்தது. ஆநிரை கவர்ந்து மீள்வது வெட்சி, மண்ணை விரும்பிப் படையெடுப்பது வஞ்சி, மதிலை வளைத்துப் பொருவது உழிஞை. இவ்வளவு நுட்பமாகப் பிரித்து வைத்த மொழியில் இன்று எல்லாவற்றையும் ‘தாக்குதல்’ என்றே எழுதிவிடுகிறோம். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வானத்துக்குப் போனால் என் அளவுகோல் அவ்வளவு கறாராக நிற்பதில்லை. ஏவுகணை திரும்பி வரப்போவதில்லை, ஆகவே அங்கே கேள்விக்கே இடமில்லை. ‘ஸ்ட்ரைக்’ என்று எழுதிவிடுகிறேன். 1942 ஏப்ரலில் 16 அமெரிக்க விமானங்கள் ஜப்பானில் குண்டு வீசப் போனது டூலிட்டில் ரெய்டு. ஆனால் 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பானிய விமானங்கள் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரில் குண்டு வீசிவிட்டுத் தங்கள் கப்பல்களுக்குத் திரும்பின. என் கணக்குப்படி அதுவும் ரெய்டுதான். ஆங்கிலத்தில் ‘அட்டாக்’ என்றே நிலைத்துவிட்டது. கட்டுரையில் நானும் அப்படியே விட்டுவிட்டேன்.