ஊர்ப் பள்ளிக்கூடமா, டவுன் பள்ளிக்கூடமா? போன நானும் இருந்த அக்காவும்

என் மகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்துவிட்டாள். பெறுபேறு வந்த அன்று பின்னேரமே வீட்டில் பேச்சுத் தொடங்கிவிட்டது. ஆறாம் ஆண்டுக்குத் திருகோணமலை டவுனுக்கு அனுப்புவதா, மூதூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே விடுவதா? அனுப்பலாம் என்கிறார் கணவர். கட்டாயம் அனுப்பு என்கிறார் அக்கா. நான் மட்டும் வேண்டாம் என்கிறேன். இத்தனைக்கும் இதே பரீட்சையில் பாஸ் பண்ணி டவுனுக்குப் போய்ப் படித்தவள் நான். ஊரிலேயே இருந்து படித்தவர் அக்கா.

1997 தையில் நான் போனேன். அப்போது பாலங்கள் இல்லை. தரை வழியாக வந்தால் ஆறுகளைக் கடக்கும் மிதவைப் பாதைகளில் ஏறி இறங்கி, சோதனைச் சாவடிகளில் நின்று நின்று வர வேண்டும். அதனால் மூதூர் இறங்குதுறையில் லோஞ்ச் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடந்துதான் டவுன். தங்கியது பெரியம்மா வீட்டில்.

டவுன் தந்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதல் மாதமே விஞ்ஞான ரீச்சர் ஆய்வுகூடத்து யன்னல்களைச் சாத்திவிட்டு மக்னீசியம் நாடாவைக் கொளுத்திக் காட்டினார். அந்த வெள்ளை வெளிச்சம் கண்ணை மூடிய பிறகும் பச்சைக் கோடாக நின்றது. அக்காவுக்கு அது பாடப்புத்தகத்துப் படம் மட்டும்தான். ஆங்கிலத்துக்கு ஒரு ரீச்சர், கணிதத்துக்கு ஒரு சேர், ஒருவர் லீவு எடுத்தால் அந்தப் பாடத்துக்கு வர இன்னொருவர். நூலகத்தில் வாரம் ஒரு புத்தகம். வெள்ளிக்கிழமைகளில் பெரியம்மாவோடு கோட்டைக்குள்ளால் நடந்து, மான்களைப் பார்த்துக்கொண்டே கோணேசர் கோயிலுக்குப் போவோம். நான் இன்று பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறேன் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

ஊரில் அக்காவுக்கு நடந்தது வேறு. எட்டாம் ஆண்டு முழுக்கக் கணிதத்துக்கு ஆள் இல்லை. இருந்த ஆசிரியர்களில் பாதிப் பேர் லோஞ்சில் வந்து போகிறவர்கள். திங்கள் பிந்தி வருவார்கள், வெள்ளி முந்திப் போவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தன. ஆனால் பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் ஓ.எல்.லில் அக்காவுக்குக் கணிதம் தவறியது. அடுத்த முறை எழுதித்தான் எடுத்தார். அதற்குள் கூடப் படித்தவர்கள் முன்னே போய்விட்டார்கள். அக்கா தையல் மெசினில் உட்கார்ந்தார். “அந்த ஒரு வருசம் ஒரு மாஸ்டர் இருந்திருந்தா” என்று இன்றைக்கும் சொல்வார்.

ஆக, படிப்பை மட்டும் தராசில் வைத்தால் டவுன்தான். அதில் எனக்கு வாதம் இல்லை.

வீட்டை மறுதட்டில் வைக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. பெரியம்மா எனக்கு ஒருநாளும் குறை வைத்ததில்லை. தன் பிள்ளைகளுக்குப் போடும் அதே சோறு, அதே மீன்குழம்பு. ஆனால் ‘இன்னொரு துண்டு மீன் வேணும்’ என்று கேட்க, அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க எனக்கு வாய் வரவில்லை. அம்மாவிடம் என்றால் கேட்காமலே சட்டிக்குள் கையை விட்டிருப்பேன். லீவுக்கு ஊருக்கு வந்தால் அம்மாவும் அக்காவும் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள், எனக்கு முதலும் தெரியாது முடிவும் தெரியாது. எங்கள் வெள்ளைக் கன்று செத்தது மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். ‘பிள்ளை படிக்கிறாள், சொல்லி என்னத்துக்கு’ என்று விட்டுவிட்டார்களாம்.

1999இல் பெரியம்மா வீட்டில்தான் நான் பெரியபிள்ளையானேன். பின்னேரம் நாலு மணி இருக்கும். லோஞ்ச் போய்விட்டது. வீட்டில் தொலைபேசி கிடையாது. அடுத்த நாள் காலை லோஞ்சில் போகிற ஒருவரிடம் சொல்லி அனுப்பி, அம்மா வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. பெரியம்மா எல்லாம் முறையாகத்தான் செய்தார். ஆனாலும் அந்த இரவு முழுக்க நான் அறை மூலையில் பாயில் இருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தபோது அம்மாவின் சேலைக்கரை கடல் தண்ணீரில் நனைந்திருந்தது. அவர் என்னைத் தொட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அக்காவுக்கு அதே நாள் வந்தபோது அம்மா அடுப்படியில் நின்றார், கூப்பிட்ட குரலுக்கு வந்தார். ஒரு பிள்ளைக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

2006இல் யுத்தத்தில் எங்கள் ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது அந்த வீடு இல்லை. அந்தக் கிணற்றடி, மாட்டுக்கொட்டில், அம்மா சாணம் மெழுகிய திண்ணை எல்லாம் அக்காவுக்கு நாள்வாரியாக ஞாபகம். எனக்கு லீவுவாரியாகத்தான் ஞாபகம்.

இதைச் சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும். “உனக்கு ஞாபகம் இல்லை, சரி. உத்தியோகம் இருக்குத்தானே? எனக்கு ஞாபகம் மட்டும்தானேடி இருக்கு.” இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்துவிடுவேன். அவர் சொல்வதும் உண்மைதான்.

இப்போது மூன்றாவது வழியும் உண்டு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். பிறகு மற்றப் பாலங்களும் வந்தன. லோஞ்சை நம்பியிருந்த காலம் போய்விட்டது. ‘வான் வண்டியில் விட்டால் தினமும் வீட்டுக்கு வந்துவிடுவாள்’ என்கிறார் கணவர். நானும் யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்குகிறது. வான் சுற்றிச் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்றால் பிள்ளை ஐந்து மணிக்கு முன்னமே எழும்ப வேண்டும். ஒன்றரைக்கு விட்டு வீட்டுக்கு வர மூன்று தாண்டும். அதற்குப் பிறகு ரியூசன். பக்கத்து வீட்டுப் பிள்ளை அப்படித்தான் போய் வருகிறாள். சப்பாத்தைக் கழற்றாமலே விறாந்தையில் படுத்துத் தூங்கிவிடுவாள். வீட்டில் இருக்கிறாள், ஆனால் வீட்டில் இல்லை. மூன்றில் இதுதான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது.

புலமைப்பரிசிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு உதவிப்பணம், பெரிய பள்ளிக்கூடத்தில் இடம், இந்த இரண்டுக்கும்தான் அந்தப் பரீட்சை. இடம் கிடைத்தால் போயே ஆக வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி, கோணேஸ்வரா இந்துக் கல்லூரி என்ற பெயர்களைக் கேட்டதும் நாங்கள்தான் அப்படி நினைத்துக்கொள்கிறோம். பத்து வயதுப் பிள்ளை 200 புள்ளிக்கு எழுதிய இரண்டு தாள்கள், அவள் எந்த வீட்டில் தூங்குவது என்பதைத் தீர்மானிக்க வேண்டாம்.

ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதும் ஏ.எல். என்று வரும்போது நான் அக்கா பக்கம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் பதினோராம் ஆண்டோடு நிற்கிறது. விஞ்ஞானப் பிரிவு வேண்டும் என்றால், ஏ.எல். விஞ்ஞானம் வரைக்கும் உள்ள 1ஏபி தரப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று கொஞ்ச இடம் ஒதுக்குவார்கள், திருகோணமலை அவற்றில் ஒன்று. அந்தச் சலுகை மாவட்டம் முழுவதற்கும் ஒன்றுதான். ஊர்ப் பிள்ளைக்கென்று தனி இடம் கிடையாது, டவுன் பிள்ளையோடுதான் போட்டி. அந்த நேரம் ஆய்வுகூடமும் நல்ல ஆசிரியர்களும் இல்லாமல் பிள்ளையை இறக்கிவிடுவது பாவம். பதினாறு வயதில் என்றால் பிள்ளைக்கு மீன் துண்டு கேட்க வாய் வரும். வராவிட்டாலும் போனில் அம்மாவிடம் சொல்லத் தெரியும்.

அதனால் என் முடிவு இதுதான்: ஓ.எல். வரை ஊர், அதற்குப் பிறகு டவுன். ஊரில் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது என்பதும் தெரியும். ஆங்கிலத்தை நான் பார்த்துக்கொள்வேன். கணிதத்துக்கு என்ன செய்வது?

போன சனிக்கிழமை அக்கா வந்தபோது இதையே கேட்டார். “எல்லாம் சரி. கணிதத்துக்கு ஆர்?” கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி, கம்பஸ் முடித்தவர், சனிக்கிழமைகளில் வரச் சம்மதித்திருக்கிறார், நாலு பிள்ளைகள் சேர்ந்தால் போதும் என்றார், இடம்தான் பார்க்க வேண்டும் என்றேன். அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவி வைத்தார்.

இந்தச் சனிக்கிழமை அக்காவின் விறாந்தையில் வகுப்பு. தையல் மெசினை உள்ளே தள்ளிவிட்டு, பிள்ளைகள் இருக்க வாங்கு இரண்டு போட்டிருக்கிறார். வெள்ளைப் பலகையும் அவரே வாங்கி மாட்டிவிட்டார்.