விமான நிலைய லவுஞ்சில் ஏழு வருடத் தூக்கம்

பர்கூரிலிருந்து அக்கா மகன் போன வாரம் போன் செய்தான். மேற்படிப்புக்கு ஜெர்மனி போகிறான். தோஹாவில் விமானம் மாற 11 மணி நேரம் காத்திருக்க வேண்டும். "மாமா, கார்டைக் காட்டி லவுஞ்சுக்குள்ள போயிட்டா நிம்மதியா தூங்கிடலாம்தானே?" என்றான். லவுஞ்ச் என்பது விமான நிலையத்துக்குள் சாப்பாடு, நாற்காலியோடு இருக்கும் தனி ஓய்வறை, பணம் கட்டியோ வங்கி கார்டு, லவுஞ்ச் கார்டைக் காட்டியோ உள்ளே போகலாம். ஆனால் ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனிடம் பாதிதான் சொன்னேன், மீதியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

நான் கிரானைட் ஏற்றுமதி வேலையில் இருக்கிறேன். 2018-லிருந்து, கொரோனா காலம் நீங்கலாக, மார்ச்சில் சீனாவின் ஷியாமென் கல் கண்காட்சி, செப்டம்பரில் இத்தாலியின் வெரோனா கண்காட்சி என்று வருடத்துக்கு இரண்டு முறையாவது போய் வருகிறேன். டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் என்பதால் எட்டு மணி, பத்து மணி நேரம் காத்திருக்கும் விமானம்தான் எப்போதும் அமையும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் தனிச் சிரமம் ஒன்று உண்டு. விடியற்காலை 4 மணி விமானம் என்றால் கிருஷ்ணகிரியில் சாயங்காலமே கிளம்பியாக வேண்டும். அத்திப்பள்ளி டோல், பொம்மசந்திரா நெரிசல், அப்புறம் பெங்களூரு முழுவதையும் குறுக்கே கடந்து தேவனஹள்ளி விமான நிலையம். விமானத்தில் ஏறும்போதே ஓர் இரவுத் தூக்கம் போய்விட்டிருக்கும். அதனால் இடையில் இறங்கும் ஊரில் எங்கே தலை சாய்ப்பது என்பது எங்களுக்குப் பெரிய விஷயம்.

லவுஞ்சில் எனக்கு மிகவும் பிடித்தது குளியல். இத்தனை வருடத்தில் அது ஒரு தடவையும் என்னை ஏமாற்றியதில்லை. குளியலறை உள்ள லவுஞ்சுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகப் பெயரைக் கொடுத்து வைத்துவிடுவேன், ஏனென்றால் அரை மணி நேரமாவது வரிசை இருக்கும். கெட்டியான வெள்ளைத் துண்டு ஒன்று தருவார்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர். பதினைந்து மணி நேரமாகப் போட்டிருந்த சட்டையைக் கழற்றிவிட்டு வேறு சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் ஆளே புதிதாகிவிடுவேன். சாப்பாடும் குறை சொல்ல முடியாது. வளைகுடா லவுஞ்சுகளில் சூடான பருப்பு சூப் கிடைக்கும், வயிற்றுக்கு இதமாக இருக்கும். போனுக்கு சார்ஜ், கேட்டால் முகம் சுளிக்காமல் டீ, எல்லாம் உண்டு.

தூக்கம்தான் இல்லை. மாம்பழ சீசனில் தோப்புக் காவலுக்குக் கயிற்றுக் கட்டிலில் படுத்து வளர்ந்தவன் நான். இடம் மாறினால் தூக்கம் வராத ஆள் இல்லை. ஆனால் லவுஞ்ச் நாற்காலியின் இரண்டு பக்கமும் அசையாத கைப்பிடி. இரண்டு நாற்காலியைச் சேர்த்தாலும் நடுவில் அந்தக் கைப்பிடி இடுப்பில் குத்தும். போன செப்டம்பரில் திரும்பி வரும்போது ஒரு லவுஞ்சில் ராத்திரி 11.40-க்கு நுழைந்தேன். நான்கு நாள் கண்காட்சியில் நின்று நின்று கால் வீங்கியிருந்தது. பையை எதிரே வைத்து அதன்மேல் கால் நீட்டி, துண்டால் கண்ணை மூடிக்கொண்டு, எப்படியோ ஒரு மணிக்குக் கண் அயர்ந்தேன். சரியாக 2.40-க்குத் தோளில் ஒரு விரல் தட்டியது. "சார், உங்கள் மூன்று மணி நேரம் முடிந்துவிட்டது." சுற்றிப் பார்த்தால் பாதி நாற்காலிகள் காலி. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கட்டுமா என்று கேட்டேன். மறுபடி பணம் கட்டினால் இருக்கலாம் என்றார்கள். அந்த நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

எழுப்பிய பையன்மேல் தப்பில்லை, அவனும் வேலைக்கு வந்த பிள்ளை. கார்டில் வருகிறவர்களுக்கு மூன்று மணி நேரம் என்பது பெரும்பாலான லவுஞ்சுகளில் உள்ள விதி. நாம் ஒவ்வொரு முறை நுழையும்போதும் கார்டு நிறுவனம் லவுஞ்சுக்கு ஒரு தொகை கொடுக்கிறது. நாம் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் அந்தத் தொகை மாறாது. அவர்களுக்கு நாற்காலி சீக்கிரம் காலியாக வேண்டும். நியாயம் புரிகிறது. ஆனால் காலியாகக் கிடக்கிற நாற்காலியிலிருந்து தூங்குகிறவனை எழுப்பும் நியாயம் மட்டும் எனக்குப் புரியவில்லை.

இதில் காசில்லாமல் கிடைப்பதுதான் நன்றாக இருக்கிறது. தோஹா ஹமத் விமான நிலையத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக அமைதி அறைகள் இருக்கின்றன. மங்கலான விளக்கு, கால் நீட்டிச் சாய்ந்து படுக்கும் நாற்காலி. கார்டு வேண்டாம், கட்டணம் வேண்டாம், யாரும் மணி பார்த்து எழுப்ப மாட்டார்கள். சிங்கப்பூர் சாங்கியிலும் இதேபோல் இலவச ஓய்விடம் உண்டு. ஷியாமென் போகும் வழியில் அங்கே நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கியிருக்கிறேன். பக்கத்தில் ஒருவர் குறட்டை விட்டார், அதனால் என்ன? இறங்கியதும் போய்விட வேண்டும், தாமதித்தால் இடம் நிரம்பிவிடும்.

அலாரம் விஷயத்தில் கவனமாக இரு என்று அக்கா மகனிடம் இரண்டு தடவை சொன்னேன். தோஹா நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். போன் ஏரோபிளேன் மோடிலேயே இருந்தால் நம் ஊர் நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ஒரு தடவை இதனால் நடு ராத்திரியில் அலறி எழுந்தேன். மணி வைக்காமல், 'இத்தனை மணி நேரம் கழித்து' என்று டைமர் வைப்பதே நல்லது. பல லவுஞ்சுகளில் விமானத்துக்குக் கூப்பிட அறிவிப்பே கிடையாது, தூங்கிவிட்டால் நம் பாடு.

இப்போது பல வங்கிகள் முந்தைய மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் லவுஞ்ச் என்று ஆக்கிவிட்டன. அந்த அனுமதிக்காகத் தேவையில்லாமல் கார்டைத் தேய்க்காதே என்றேன். கோபத்தில் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: குளிக்க லவுஞ்சுக்குப் போகலாம், தூங்க ஒரு பைசா கொடுக்கக் கூடாது. என் வெரோனா டிக்கெட்டில் இந்தத் தடவையும் ஒன்பது மணி நேரக் காத்திருப்பு இருக்கிறது. லவுஞ்ச் கார்டை இந்த வருடம் நான் புதுப்பிக்கவில்லை.

அவனுக்குச் சொன்ன கடைசி விஷயம் போர்வை. அந்த அமைதி அறைகளில் ஏசி எலும்பைத் துளைக்கும். அம்மா வாங்கி வைத்த மெல்லிய பருத்திப் போர்வை ஒன்றை நான்காக மடித்து லேப்டாப் பையின் பின் அறையில் வைத்துக்கொள்வேன். ஏழு வருடமாக அதுதான் கூட வருகிறது, ஓரம் நைந்து நூல் பிரிந்துவிட்டது. பையில் இடமில்லை மாமா என்றான். ஒரு சட்டையை எடுத்து வெளியே வை என்று சொல்லிவிட்டேன்.