ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர்: கிண்டியில் ஒன்று, கோவையில் ஒன்று

ஒரே கம்ப்யூட்டருக்குள் பல சர்வர்களை விர்ச்சுவல் மெஷின்களாக (மென்பொருளால் உருவான கம்ப்யூட்டர்களாக) ஓட்டுகிற மென்பொருள் ப்ராக்ஸ்மாக்ஸ்; அவற்றுக்கு பேக்கப் எடுக்க அதே கம்பெனி தருவதுதான் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர். சர்வர்களை ஏற்கெனவே ப்ராக்ஸ்மாக்ஸில் ஓட்டுகிற ஆபீஸ் என்றால் யோசிக்காமல் இதைப் போடுங்கள். அதே வேலைக்கு ஹைப்பர்-வி, விஎம்வேர் வைத்திருப்பவர்களுக்கு இது சரிப்படாது, வேறு பார்ப்பது நல்லது.

எங்கள் கம்பெனி கிண்டி எஸ்டேட்டில் இருக்கிறது. டேலி, இஆர்பி (கம்பெனி நிர்வாக மென்பொருள்), ஃபைல் சர்வர் எல்லாமே விர்ச்சுவல் மெஷின்கள். இதற்கு முன்னால் ஒரு வெண்டர் வருஷ ஒப்பந்தத்தில் நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டுகிற ஸ்டோரேஜ் பெட்டி) ஒன்றை வைத்துக்கொடுத்திருந்தார், சர்வர் இருக்கிற அதே ரேக்கில், அதற்கு நேர் கீழே. தினமும் காலையில் 'சக்ஸஸ்' என்று மெயில் வரும். அக்கவுண்ட்ஸுக்கு ஒரு பழைய ஃபோல்டர் தேவைப்பட்டு உள்ளே போனால் ஃபைல் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன, ஒன்றுகூடத் திறக்கவில்லை. வெண்டரைக் கூப்பிட்டால், "பேக்கப் ஆகிட்டுதானே சார் இருக்கு, ரீஸ்டோர் நம்ம ஸ்கோப்ல இல்லையே" என்கிறார். எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. ரீஸ்டோர் ஆகாத பேக்கப்புக்கு எதற்குக் காசு?

அதனால் இதில் நான் முதலில் பார்த்தது ரீஸ்டோரைத்தான். பிரவுசரில் பேக்கப்பைத் திறந்து, மெஷினின் டிஸ்குக்குள் போய், வேண்டிய ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் டவுன்லோட் செய்துகொள்ளலாம். முழு மெஷினும் வேண்டும் என்றால் லைவ் ரீஸ்டோர் இருக்கிறது, டேட்டா வந்துகொண்டிருக்கும்போதே மெஷின் பூட் ஆகிவிடும். டேலி சர்வரை அப்படி எழுப்பியபோது கொஞ்சம் மந்தமாகத்தான் ஓடியது, ஆனால் ஓடியது, பில் போட முடிந்தது. வெரிஃபை ஜாப் ஒன்றை வாரம் ஒருமுறை வைத்துவிட்டால் சேமித்த டேட்டாவின் ஒவ்வொரு துண்டையும் படித்து அதன் ஹாஷோடு (டேட்டாவின் கைரேகை மாதிரி ஒரு எண்) ஒத்துப்பார்க்கும், கெட்டுப்போனது எது என்று பெயர் சொல்லிக் காட்டும்.

டிஸ்கை 4 எம்பி துண்டுகளாக வெட்டி, ஒரே மாதிரித் துண்டை ஒருமுறைதான் வைத்துக்கொள்கிறது. அதனால் தினசரி பேக்கப் எடுத்தாலும் இடம் அவ்வளவாகத் தின்னாது. ஆனால் ஒன்று: இடம் நிறைந்துவிட்டதே என்று பழைய பேக்கப்புகளை அழித்தால் உடனே இடம் வராது. கார்பேஜ் கலெக்ஷன் (எந்த பேக்கப்புக்கும் தேவைப்படாத துண்டுகளை நீக்கும் வேலை) ஓட வேண்டும், அதுவும் கடைசியாகத் தொட்டு 24 மணி 5 நிமிஷம் தாண்டாத துண்டுகளை விட்டுவிடும். ஆக டிஸ்க் 80 சதவீதம் ஆகும்போதே அலர்ட் வைத்துக்கொள்ளுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெரிய ஹார்ட் டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை மட்டும் வாங்கிப் போட்டால் இந்தக் கலெக்ஷனும் வெரிஃபையும் நாள்கணக்கில் இழுக்கும். எஸ்எஸ்டி போடுங்கள், பட்ஜெட் இடிக்கிறது என்றால் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் மெட்டாடேட்டாவுக்கு (ஃபைல்களைப் பற்றிய குறிப்புகளுக்கு) மட்டுமாவது ஒரு ஜோடி எஸ்எஸ்டி.

இனி, சென்னைக்காரர்களுக்கு முக்கியமான விஷயம். 2015 டிசம்பரில் அடையாறு ஏறி வந்ததும் 2023 டிசம்பரில் மிக்ஜாமில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நின்ற தண்ணீரும் யாருக்கும் மறந்திருக்காது. ஒரே கட்டடத்தில் இரண்டு காப்பி வைப்பது ஒரு காப்பி வைப்பதுதான். 2021 மார்ச்சில் பிரான்ஸில் ஓவிஎச் என்ற கிளவுட் கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்தபோது பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போனது. எங்கள் இரண்டாவது பேக்கப் சர்வர் பெட்டி கோவை கிளையில் இருக்கிறது. முதல் காப்பியைக் கிண்டியிலேயே எடுத்துப் பெட்டியை அனுப்பினோம், இப்போது ராத்திரியில் மாறிய துண்டுகள் மட்டும் போகின்றன. இதில் கவனிக்க வேண்டியது, கிண்டி தள்ளுவதில்லை, கோவைதான் இழுக்கிறது. கோவைப் பெட்டியின் பாஸ்வேர்ட் சென்னையில் எந்த மெஷினிலும் கிடையாது. நாளைக்கு ரான்சம்வேர் (டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸ்) உள்ளே புகுந்து இங்கே பேக்கப்பை அழித்தாலும் அங்கே கை வைக்க வழியில்லை, 'ரிமூவ் வேனிஷ்ட்' என்ற டிக்கை மட்டும் போடாமல் விடுங்கள் (போட்டால் இங்கே அழிந்தது அங்கேயும் அழியும்). ஆடிட்டருக்கும் இது பிரச்சினை இல்லை: கம்பெனிகள் கணக்கு விதிகளில் வந்த 2022 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிறகு கணக்குகளின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கிற சர்வரில் விழ வேண்டும், கிண்டியும் கோவையும் அதற்குள்தான்.

என்க்ரிப்ஷன் கட்டாயம் போடுங்கள். ஆனால் சாவி போனால் பேக்கப்பும் போச்சு, ப்ராக்ஸ்மாக்ஸ் கம்பெனிக்காரர்களாலும் திறக்க முடியாது. பேப்பர்கீ என்று ஒரு கமாண்ட் சாவியை க்யூஆர் கோடோடு தாளில் அச்சடிக்கக் கொடுக்கும். எங்களுடையது எம்டி வீட்டு பீரோவில் இருக்கிறது. அதோடு இன்னொரு தாள்: எந்த சர்வர் முதலில் எழ வேண்டும் (லாகின்களைச் சரிபார்க்கிற டொமைன் கன்ட்ரோலர், அப்புறம் டேட்டாபேஸ், அதற்குப் பிறகுதான் இஆர்பி), யார் யாருக்கு போன் செய்வது. அக்டோபரில் மழை பிடிப்பதற்குள் அந்தத் தாளைப் பார்த்தே கோவையில் எல்லாவற்றையும் ஒருமுறை எழுப்பிப் பார்க்கிறோம். மென்பொருள் இலவசம், சப்ஸ்கிரிப்ஷன் இல்லை என்று லாகினில் ஒரு பெட்டி வரும், மூடிவிடலாம். குறை என்றால், தனியாக நிற்கிற விண்டோஸ் மெஷின்களுக்கு ப்ராக்ஸ்மாக்ஸே தருகிற கிளையன்ட் (அந்த மெஷினில் போட்டு பேக்கப் அனுப்புகிற மென்பொருள்) இல்லை. எங்கள் கேட்டில் இருக்கிற எடைமேடை கம்ப்யூட்டருக்கு இன்னும் வேறு சாப்ட்வேர்தான்.