கவுன்சலிங்: நேரில் போவதா, திரையில் பேசுவதா?

தேனியிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். எட்டு மாதம், சனிக்கிழமைதோறும் அப்படிப் போய் ஒரு ஆலோசகரிடம் பேசினேன். சனிக்கிழமை லீவு இல்லாத வேலைக்கு மாறியதும் அதே ஆலோசகரிடம் ஒரு வருடம் வீடியோ காலில் பேசினேன். ஆள் ஒருவரே, வழிதான் வேறு. அதனால், "ஆன்லைன் கவுன்சலிங் எல்லாம் சும்மா" என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. செயலியை இறக்கினால் போதும், மனசு சரியாகிவிடும் என்கிற விளம்பரத்தைப் பார்த்தாலும் அதே அளவு கோபம் வரும்.

முதலில் பலன். மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை போன்றவற்றுக்குத் தரப்படும் சிபிடி என்ற பேச்சு சிகிச்சையை இணையம் வழியாகவும் நேரிலும் கொடுத்து ஒப்பிட்ட 20 ஆய்வுகளை, கார்ல்பிரிங் என்ற ஸ்வீடன் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2018இல் தொகுத்தார்கள். மொத்தம் 1,418 பேர். இரண்டு பக்கமும் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான். சூரிச் பல்கலைக்கழகத்தில் 62 பேரிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது இணையத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 57 சதவீதம் பேரிடமும் நேரில் பெற்றவர்களில் 42 சதவீதம் பேரிடமும் மனச்சோர்வு இல்லை. 62 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அதை வைத்து ஆன்லைன்தான் மேல் என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்த ஆய்வுகளைப் பற்றிப் பேசும்போது பலரும் விட்டுவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. சூரிச்சில் நடந்தது வீடியோ கால் அல்ல, எழுத்து. நோயாளி பயிற்சிகளை எழுதி அனுப்புவார், சிகிச்சையாளர் படித்துப் பதில் எழுதுவார். தொகுப்பில் உள்ள இணைய சிகிச்சைகளும் பெரும்பாலும் இந்த மாதிரிதான். அப்படியானால் பலன் தந்தது முகம் பார்த்தது மட்டுமல்ல. நம்மைத் தொடர்ந்து கவனிக்கும் ஒரு மனிதர் மறுமுனையில் இருந்தார், நாமும் வாராவாரம் கொஞ்சம் உழைத்தோம். அதுதான் வேலை செய்திருக்கிறது. யாருடைய மேற்பார்வையும் இல்லாத செயலிக்கு இந்த எண்களைக் காட்டி விளம்பரம் செய்வது தவறு.

ஆலோசகரோடு ஏற்படும் பிணைப்பு திரையில் வராது என்பார்கள். அதே 2018இல் வேறொரு ஆய்வுக் குழு 295 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பிணைப்பு நன்றாக இருந்தால் குணமும் நன்றாக இருக்கிறது என்ற தொடர்பு, நேரிலும் இணையத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. என் அனுபவமும் அதுதான். அப்பாவைப் பற்றி முதன்முதலாக உடைந்து பேசியது மதுரை அறையில் இல்லை. போனில்தான் அந்தப் பேச்சு வந்தது. எதிரே ஆள் இல்லாத தூரமே எனக்குத் தைரியம் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் திரை கழுத்துக்கு மேலேதான் காட்டும். நேரில் இருந்தபோது என் கால் ஆடுவதைப் பார்த்து, "இப்ப எதை நினைச்சீங்க?" என்று ஆலோசகர் கேட்டிருக்கிறார். வீடியோவில் அந்தக் கேள்வி ஒருமுறைகூட வரவில்லை. உடல் மெலிந்துபோவது, மதுவின் வாடை, கையில் புதிதாக விழுந்த காயம், இவையெல்லாம் நேரில்தான் தெரியும். சின்னக் குழந்தைகளை விளையாட வைத்துத்தான் பேச வைக்க முடியும், அதற்கும் அறை வேண்டும்.

அப்புறம் அந்தரங்கம். நம் வீடுகளில் இதுதான் பெரிய சிக்கல். நேரில் போனால், காத்திருக்கும் இடத்தில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயம். ஆன்லைனில் அந்தப் பயம் போய்விடும், ஆனால் பக்கத்து அறையில் அம்மா இருப்பார். நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். எனக்கு மாடியாவது இருந்தது. மாமியாரோடோ கணவரோடோதான் பிரச்சினை என்றால், அவர்கள் இருக்கும் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் என்ன பேச முடியும்? வீட்டில் அடி உதை என்றால் போனில் பேசுவதே ஆபத்தாகலாம். அவருக்கு நேரில் போவதுதான் பாதுகாப்பு.

தகவல் கசிவு இரண்டு பக்கமும் உண்டு. பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் நிறுவனம் பயனர்களின் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்று 2023இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 78 லட்சம் டாலர் கொடுத்து அந்த வழக்கை நிறுவனம் முடித்துக்கொண்டது. பின்லாந்தில் வஸ்தாமோ என்ற நிறுவனம் நேரில் சிகிச்சை தந்த இடம். அங்கே திருடப்பட்ட சுமார் 33,000 பேரின் குறிப்புகளை வைத்து 2020இல் நோயாளிகளையே மிரட்டிப் பணம் கேட்டார்கள். நேரில் போனாலும், குறிப்புகளை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

கிடைப்பது என்று பார்த்தால் திரைக்கு ஈடு இல்லை. 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, பொதுவான மனநலக் கோளாறு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்குப் புதுக்கோட்டை நல்ல உதாரணம். ஸ்கார்ஃப் என்ற சென்னை மனநலத் தொண்டு நிறுவனம் 2010இல் அங்கே ஒரு பஸ்ஸை ஓட்டியது. பஸ்ஸுக்குள் நோயாளி, சென்னையில் இருந்தபடி திரையில் மனநல மருத்துவர். மருந்து பஸ்ஸிலேயே கிடைக்கும், உள்ளூர்ப் பணியாளர்கள் அருகிலேயே இருப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

காதில் குரல் கேட்பது, நாள்கணக்கில் தூங்காமல் படபடவென்று இருப்பது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வலுப்பது, இப்படி இருந்தால் ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் உடனே யாரையாவது கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். சில மனநல மருந்துகளை ஆன்லைனில் எழுதித் தரவும் சட்டத்தில் இடமில்லை.

மற்றபடி, வாரம் தவறாமல் உங்களால் எதைத் தொடர முடியுமோ அதையே எடுங்கள். முடிந்தால் முதல் இரண்டு மூன்று அமர்வுகளுக்கு மட்டும் நேரில் போய் வாருங்கள்.

வீடியோவுக்கு மாறியதில் நான் இழந்தது அந்த பஸ் பயணத்தைத்தான். பேசியதெல்லாம் ஜன்னலோரம் இரண்டு மணி நேரம் உள்ளே ஊறும், ஊர் வந்து சேர்வதற்குள் அழுதும் முடித்திருப்பேன். வீடியோ முடிந்தாலோ அடுத்த நிமிடமே சமையலறையில் குக்கர் விசில். அதனால் இப்போதெல்லாம் வீடியோ கால் முடிந்ததும் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, வாய்க்கால் வரைக்கும் தனியாக நடந்துவிட்டு வருகிறேன்.