பழைய சாலை என்று சொல்லி விரைவுச்சாலையில் ஒரு சுற்றுலா

கடந்த செப்டம்பரில் அப்பாவுடன் வாஷிங்டன் சென்றிருந்தபோது, இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் உள்ள ஒரு பயண முகவரிடம் முன்பதிவு செய்திருந்த ஒருநாள் கார்ச் சுற்றுலாவைப் பற்றிய மதிப்புரை இது. வெர்ஜீனியா மாநிலத்தின் பழைய நெடுஞ்சாலை வழியாக, சாலையோர வரலாற்றுப் பலகைகளைப் பார்த்தபடி ரிச்மண்ட் வரை செல்லலாம் என்று விளம்பரத்தில் இருந்ததை நம்பித்தான் ஆளுக்கு 260 வெள்ளி கொடுத்தோம்.

அந்தப் பலகைகள் பார்க்க வேண்டியவைதாம். 1927ஆம் ஆண்டு யு.எஸ். 1 என்ற அந்தப் பழைய நெடுஞ்சாலையோரம் வெர்ஜீனியா இவற்றை நடத் தொடங்கியது. அமெரிக்காவின் மிகப் பழைய பலகைத் திட்டங்களில் இதுவும் ஒன்று. மாநிலம் முழுவதும் இப்போது 2,600க்கும் மேற்பட்டவை நிற்கின்றன. கம்பத்தின் மேல் வார்ப்பு உலோகப் பலகை, உச்சியில் மாநில முத்திரை, கறுப்பு எழுத்துகள், கூடவே அது எந்தச் சாலைக்கு உரியது என்பதைக் காட்டும் எழுத்தும் எண்ணும். காரில் போகிறவர்களுக்காக எழுதப்பட்டவை என்பதால் வாசகம் சில வரிகளுக்குள் முடிந்துவிடுகிறது. எஸ்பிளனேட் பூங்காவில் இந்திய தேசிய ராணுவ நினைவிடம் இருந்த இடத்தைக் குறிக்கும் பலகையை ரயிலிலிருந்து இறங்கி நடந்துபோய்ப் பார்த்துப் பழகிய நமக்கு, கார் இல்லாமல் அணுகவே முடியாத வரலாறு சற்று விசித்திரமாகத்தான் இருக்கிறது.

முதல் நிறுத்தம் நன்றாகவே அமைந்தது. ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணைக்கு அருகில் கம் ஸ்பிரிங்ஸ் என்ற குடியிருப்புக்கான பலகை இருக்கிறது. வாஷிங்டன் குடும்பத்தாரிடம் அடிமையாகப் பிறந்து, பின்னர் விடுதலை பெற்று, தச்சராகவும் அந்தப் பண்ணையின் மேலாளராகவும் இருந்த வெஸ்ட் ஃபோர்ட் என்பவர் 1833இல் வாங்கிய 214 ஏக்கர் நிலத்தில் உருவான கறுப்பினத்தவர் குடியிருப்பு அது. லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே நான் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்ல, அப்பா “214” என்ற எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். அடிமையாக இருந்தவர் அத்தனை பெரிய நிலத்தை எப்படி வாங்கினார் என்று ஓட்டுநரைக் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. வாஷிங்டனின் உறவினர் ஒருவர் உயில் மூலம் ஃபோர்டுக்குக் கொஞ்சம் நிலம் விட்டுச்சென்றிருந்தார் என்பதையும், அதை விற்றுத்தான் இதை வாங்கினார் என்பதையும் இரவு விடுதிக்குத் திரும்பிய பிறகு நானே தேடிச் சொன்னேன்.

அதன்பின் வண்டி 95ஆம் எண் விரைவுச்சாலையில் ஏறியது. பழைய நெடுஞ்சாலைக்கு ஏறத்தாழ இணையாக ஓடும் சாலைதான் என்றாலும், நாங்கள் தேடி வந்த பலகைகள் இருப்பது பழைய சாலையோரத்தில். கேட்டபோது, நேரம் போதாது என்று முகவர் சொல்லியிருப்பதாகப் பதில் வந்தது. மொத்தம் சுமார் 170 கிலோமீட்டர் தூரத்தில் ஒரே ஒரு பலகை.

ரிச்மண்டில் சாப்பாட்டுக்கு விட்ட நேரத்தில் நாங்களாகவே நடந்து போய்ப் பார்த்தது இரண்டாவது பலகை. லவிங் தம்பதியின் வழக்கைப் பற்றியது அது. வெள்ளையரான ரிச்சர்டும் வெள்ளையரல்லாத மில்ட்ரெட்டும் 1958இல் வாஷிங்டனில் திருமணம் செய்துகொண்டு ஊர் திரும்பியதற்காக வெர்ஜீனியாவில் கைதானார்கள்; 25 ஆண்டுகள் மாநிலத்துக்குள் சேர்ந்து வரக்கூடாது என்ற நிபந்தனையோடு சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. கலப்புத் திருமணத் தடைச் சட்டங்கள் செல்லாது என்று 1967 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில் நடப்பட்ட பலகை அது. என் மனைவி சீனர் என்பதால், அப்பா அதன்முன் வெகுநேரம் நின்றார். படம் எடுத்து அவளுக்கு அனுப்பச் சொன்னார். அந்தக் கால்மணி நேரம் முகவரின் பயணத் திட்டத்திலேயே இல்லை.

ஓட்டுநர் பண்பானவர், வண்டி சுத்தம், சைவச் சாப்பாடும் கிடைத்தது. ஆனால் விற்ற பொருளைக் கொடுக்கவில்லை என்பதால் ஐந்தில் இரண்டுக்கு மேல் மதிப்பெண் தர எனக்கு மனமில்லை. இதே சுற்றுலாவை எடுப்பவர்கள், எந்தச் சாலை எண், எத்தனை நிறுத்தம் என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் புகாருக்கு இழப்பீடாக முகவர் தந்தது, பக்கத்து இந்தோனேசியத் தீவான பாத்தாமுக்குப் படகுப் பயணத்துக்கான 30 வெள்ளிக் கழிவுச் சீட்டு.