பழைய கணினியில் ஃபயர்பாக்ஸும் யூபிளாக் ஆரிஜினும்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

உசிலம்பட்டியில் புதிதாக இ-சேவை மையம் தொடங்கியிருக்கும் நண்பர், தம் கணினியில் பக்கங்கள் திறக்க வெகுநேரம் ஆகிறது என்றும், நான் பல ஆண்டுகளாக வைத்திருக்கும் ஃபயர்பாக்ஸ் பிரவுசரையும், அதில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியையும் தாமும் போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டார். மேலூரில் என் ஜெராக்ஸ் கடையில் இருப்பதும் அவருடையதைப் போன்ற 4 ஜிபி ரேம் கணினிதான் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அண்மையில் ஹார்ட் டிஸ்க் பழுதாகி, மதுரை டவுன்ஹால் ரோட்டில், அதைவிட வேகமான எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்தினேன். விண்டோஸ் எழுவதும் பிரவுசர் திறப்பதும் கண்கூடாக விரைந்தன. ஆனால் தடுப்பானை நிறுவுவதற்கு முன் ஒரு செய்தித்தளத்தைத் திறந்தபோது, அது பழையபடியே இழுத்தது. எஃப்12 விசையை அழுத்தி, பக்கம் எதையெல்லாம் இறக்குகிறது என்று பட்டியலிடும் நெட்வொர்க் பகுதியைப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும்: நாம் படிக்க வந்த செய்தி பட்டியலின் முதல் சில வரிகளிலேயே வந்து சேர்ந்துவிடுகிறது, அதற்குப் பிறகு விளம்பர சர்வர்களும், நம்மைப் பின்தொடரும் நிரல்களும், யாரும் கேட்காத காணொளியும் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. தலைப்பைத் தொடப்போகும் நேரத்தில் மேலே ஒரு விளம்பரம் விரிந்து எழுத்துகளைக் கீழே தள்ள, சொடுக்கு அந்த விளம்பரத்தின்மேல் விழுகிறது. யூபிளாக்கைப் போட்டதும் அந்தப் பட்டியல் சுருங்கி, பக்கம் அசையாமல் நின்றது. இத்தனை ஆண்டுகளில் நான் செய்து பார்த்த எந்த மாற்றமும் இவ்வளவு பலன் தந்ததில்லை.

இன்றும் சிலர் வேகத்துக்காக, பதிலுக்குக் காத்திராமல் அடுத்தடுத்த கோரிக்கைகளை அனுப்பும் பைப்லைனிங் என்ற பழைய அமைப்பை மாற்றச் சொல்கிறார்கள். அதை ஃபயர்பாக்ஸ் 2017இல், 54ஆம் பதிப்பிலேயே நீக்கிவிட்டது. ஒரே இணைப்பில் பல கோரிக்கைகளைச் சேர்த்து அனுப்பும் எச்டிடிபி/2 என்ற இணைய நெறிமுறை வந்தபின் அதற்கு வேலையும் இல்லை. ஒருமுறை இறக்கியவற்றைப் பிரவுசர் சேமித்துவைக்கும் கேஷைத் தினமும் அழிக்கச் சொல்வது அதைவிட மோசமான யோசனை. நேற்று இறக்கிய படங்களையும் நிரல்களையும் இன்று மறுபடி இறக்க வைப்பது எப்படி வேகமாகும்? குரோமிலோ, நீட்சிகளுக்கான மேனிஃபெஸ்ட் 3 என்ற புதிய விதிமுறை நடைமுறைக்கு வந்தபின் முழு யூபிளாக் ஆரிஜின் இயங்குவதில்லை. லைட் என்ற சிறிய வடிவம்தான் உண்டு. நான் ஃபயர்பாக்ஸிலேயே இருப்பதற்கு அதுவே முதற்காரணம்.

இவ்வளவும் நியாயமாகச் சொல்ல வேண்டிய பாராட்டு. ஆனால் என்னை இன்றுவரை விடாமல் வாட்டும் ஒன்று இருக்கிறது. சில கட்டணப் பக்கங்களில், அடுத்த படிக்குச் செல்லும் பொத்தான் ஏதோ ஒரு கண்காணிப்பு நிரல் பதில் சொன்ன பிறகே வேலை செய்யும்படி எழுதப்பட்டிருக்கிறது. தடுப்பான் அந்த நிரலை நிறுத்தியதும் பொத்தானும் செத்துவிடுகிறது, பிழைச்செய்திகூட வருவதில்லை. யூபிளாக்கின் பவர் பொத்தானை அணைத்துப் பக்கத்தை மறுபடி ஏற்றினால், நிரப்பிய விவரங்கள் அனைத்தும் அழிந்துபோகின்றன. விண்ணப்பத்தின் கடைசி நாளில், அப்பாவின் கைபேசிக்கு வந்த ஓடிபியைக் கேட்டுச் சொல்லிவிட்டு நிற்கும் பெண்ணிடம், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் நிலை எந்தக் கடைக்காரருக்கும் வரக்கூடாது. அப்படிப் பக்கத்தை எழுதியவர்கள்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தணியவில்லை.

தடுப்பானுடன் ஒன்று, இல்லாமல் ஒன்று என ஃபயர்பாக்ஸில் தனித்தனி அமைப்புகள் கொண்ட இரண்டு ப்ரொஃபைல்கள் வைத்துப் பார்த்தேன். கூட்ட நேரத்தில் எது திறந்திருக்கிறதோ அதிலேயே கடைப்பையன் விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுகிறான். அவனைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே நண்பரே, உங்கள் மையத்துக்கு இந்தத் தடுப்பான் வேண்டாம். கட்டணம் கட்டும் கணினியில் எஸ்எஸ்டி போடுங்கள், ரேமை 8 ஜிபி ஆக்குங்கள், தேவையில்லாத தாவல்களை மூடிவைக்கப் பையனைப் பழக்குங்கள், தடுப்பானை நிறுவாதீர்கள். என் கணினியிலிருந்து நான் அதை எடுக்கப் போவதில்லை. வீட்டு மடிக்கணினியில் நீங்களும் இன்றே போட்டுக்கொள்ளுங்கள்.