விமான ரேடியோ: செலவு பலகைக்கா, ஆன்டெனாவுக்கா?

விமானங்களின் சிக்னலை வீட்டிலேயே பிடிக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, “எந்த ராஸ்பெர்ரி பை வாங்கலாம்?” என்பதுதான். ஒற்றைப் பலகையில் அடங்கிவிடும் சிறு கணினி அது. நானும் அங்கேதான் தொடங்கினேன். பலகைகளை ஒப்பிட்டே இரண்டு வாரம் ஓடியது. இன்று என்னிடம் யாராவது கேட்டால், அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடச் சொல்வேன். பலகையை மாற்றினால், பிடித்த விமானங்களைக் காட்டும் வரைபடத்தில் பெரிதாக ஒன்றும் மாறுவதில்லை. கேபிளையும் ஆன்டெனாவையும் மாற்றினால் அன்றைக்கே தெரிகிறது.

ஆனாலும் கேள்வி வந்துவிட்டதால் பலகையை முதலில் முடித்துவிடுவோம். ஏடிஎஸ்-பி முறையில் விமானம் தன் இருப்பிடத்தை நொடிக்கு இரண்டு முறை 1090 மெகாஹெர்ட்ஸில் அறிவிக்கிறது. ஒரு செய்தி 112 பிட். தொடக்கத் துடிப்புகளையும் சேர்த்து 120 மைக்ரோநொடியில் முடிந்துவிடும். அதைப் படிக்கும் டம்ப்1090, ரீட்எஸ்பி ஆகிய நிரல்களுக்குப் பெரிய கணினி தேவையில்லை. 512 எம்பி நினைவகமும் நான்கு செயலிக் கருக்களும் கொண்ட பை ஜீரோ 2 டபிள்யூ, ரீட்எஸ்பியையும் டார்1090 வரைபடத்தையும் தடுமாறாமல் ஓட்டுகிறது. ஒற்றைக் கரு கொண்ட பழைய ஜீரோ வேண்டாம். வானில் கூட்டம் சேர்ந்தால் திணறும். பை 4-இன் கூடுதல் வேகம் இந்த வேலைக்கு உபரிதான். ஏர்ஸ்பை மினி போல நொடிக்குக் கோடி மாதிரிகளுக்கு மேல் எடுக்கும் ரிசீவரைப் பொருத்தினால் மட்டும் அந்த வேகம் கைகொடுக்கும்.

பலகையைவிட அதற்கு வரும் மின்சாரத்தைக் கவனியுங்கள். என் முதல் அமைப்பில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை டாங்கிள், அதாவது யூஎஸ்பி துளையில் சொருகும் ரேடியோ ரிசீவர், காணாமல் போய்விடும். மென்பொருளைத் திரும்பத் திரும்ப நிறுவிப் பார்த்தேன். கடைசியில் பதிவேட்டைத் திறந்தால், மின்னழுத்தம் குறைவு என்ற எச்சரிக்கை வரிவரியாக இருந்தது. மெல்லிய சார்ஜர் கேபிளை மாற்றியதும் தொல்லை தீர்ந்தது.

டாங்கிள்: வெறுமனேவா, வடிகட்டியோடா?

ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள்களின் உள்ளே இருக்கும் ஆர்டிஎல்2832யூ சில்லு, தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. எட்டு பிட் நுணுக்கம்தான். இருந்தும் இந்த வேலையை அழகாகச் செய்கிறது. பொதுவான டாங்கிள் ஒருபுறம். 1090-க்கென்றே பெருக்கியும் வடிகட்டியும் சேர்த்து வரும் டாங்கிள் மறுபுறம். விமானங்களைப் பின்தொடரும் இணையதளமான ஃபிளைட்அவேர் விற்கும் நீல நிற புரோ ஸ்டிக் பிளஸ் இரண்டாம் வகை. அதன் ஆரஞ்சு நிறச் சகோதரனில் பெருக்கி உண்டு, வடிகட்டி கிடையாது.

எது நல்லது என்பதை உங்கள் மாடியிலிருந்து தெரியும் காட்சி சொல்லிவிடும். செல்போன் கோபுரம் ஒன்று கண்ணில் படுகிறதா? அதன் அலைகள் 1090-க்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கின்றன. அந்தச் சத்தத்தையும் சேர்த்துப் பெருக்கினால் டாங்கிள் திக்குமுக்காடிப் போகும். அங்கே ஆரஞ்சு நிறம், வெறும் டாங்கிளைவிட மோசமாகக்கூட நடந்துகொள்ளும். நீலத்தை எடுங்கள், அல்லது பொதுவான டாங்கிளுக்கு முன்னால் ஒரு வடிகட்டியை மாட்டுங்கள். சுற்றிலும் அமைதியான இடமென்றால் பொதுவான டாங்கிளிலேயே தொடங்கலாம். நாளைக்கு இந்த ஆர்வம் தணிந்தாலும் அதில் வேறு அலைவரிசைகளைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

எதை வாங்கினாலும் பெருக்க அளவை உச்சத்திலேயே விட்டுவிடாதீர்கள். நான் 49.6 டெசிபலில் பல மாதம் வைத்திருந்தேன். தொலைதூர விமானங்கள் தெரியும். தலைக்கு மேலே தாழப் பறப்பவை விட்டுவிட்டு மறையும். பக்கத்துச் சிக்னல் அளவுக்கு மீறிச் சிதைந்ததுதான் காரணம். 42.1-க்கு இறக்கியதும் அவை ஒழுங்காகத் தெரிந்தன, தொலைவும் குறையவில்லை. மைனஸ் 3 டெசிபலுக்கு மேல், அதாவது டாங்கிள் தாங்கும் உச்சத்தை ஒட்டி, வரும் வலுவான செய்திகள் மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாமல் வைத்துக்கொண்டால் போதும்.

கணினி கீழேயா, மேலேயா?

என்னைக் கேட்டால், உண்மையான போட்டி இங்கேதான். ஆன்டெனா மாடியில் நிற்கிறது. அங்கிருந்து வீட்டுக்குள் 10 மீட்டர் கேபிளை இறக்குவதா, கணினியையே ஆன்டெனாவின் காலடியில் கொண்டுபோய் வைப்பதா?

இறக்குவதென்றால் கேபிளின் வகை எல்லாவற்றையும் தீர்மானிக்கும். மெல்லிய ஆர்ஜி-58, 10 மீட்டரில் ஏறக்குறைய 6 டெசிபலை விழுங்கிவிடுகிறது. அதாவது வந்த சக்தியில் கால் பங்குதான் கீழே சேரும். மங்கலான சிக்னல்களைப் பிடிக்கும் தூரம் பாதியாகும். செயற்கைக்கோள் தொலைக்காட்சிக்குப் போடும் ஆர்ஜி-6 அதே நீளத்தில் 2 டெசிபல் போலத்தான் எடுத்துக்கொள்கிறது. அதன் மின்மறுப்பு 75 ஓம், டாங்கிளுடையது 50 ஓம் என்று சிலர் தயங்குவார்கள். அந்தப் பொருத்தமின்மையால் வரும் இழப்பு மிகச் சிறியது, தயங்க வேண்டியதில்லை. கேபிளில் இழந்ததை டாங்கிளில் உள்ள பெருக்கி மீட்டுத் தராது. சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தேதான் அது உயர்த்தும். பெருக்கி ஆன்டெனாவை ஒட்டியே இருக்க வேண்டும். கேபிள் வழியே மின்சாரம் அனுப்பி அதை இயக்கும் வசதி சில டாங்கிள்களில் உண்டு.

கணினியை மேலே கொண்டுபோனால் இழப்பு என்ற பேச்சே எழாது. ஒரு சாண் கேபிள் போதும். கையகலம்கூட இல்லாத ஜீரோ 2 டபிள்யூ இங்கேதான் பெரிய பலகைகளை வெல்கிறது. பதிலுக்கு வெயிலும் மழையும் உங்கள் பொறுப்பாகின்றன. மூடிய பெட்டிக்குள் வெப்பம் 80 டிகிரியைத் தொட்டால் பலகை தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 5 வோல்ட்டை நீண்ட கம்பியில் அனுப்பினால் வழியிலேயே அழுத்தம் விழும். ஈதர்நெட் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் முறை இதற்கு நல்ல விடை. ஆனால் அதற்குப் பை 3பி+, பை 4 போன்ற பலகையும் கூடவே ஒரு துணைப்பலகையும் வேண்டும். நான் இரண்டையும் செய்து பார்த்துவிட்டு ஆர்ஜி-6-க்கே திரும்பினேன். பழுது வந்தால் இரவில் ஏணி ஏற வேண்டாம் என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஆன்டெனாவிலும் எளிமையே என் கட்சி. 1090 மெகாஹெர்ட்ஸில் அலைநீளத்தின் கால் பங்கு 69 மி.மீ. அந்த நீளத்தில் நிமிர்ந்த ஒரு செம்புக் கம்பி, கீழே சாய்வாக நான்கு கம்பிகள்: அரை மணி நேர வேலை. கோஆக்சியல் துண்டுகளை அடுக்கிச் செய்யும் கொலினியர், கோட்பாட்டில் இதை வெல்ல வேண்டும். எட்டுத் துண்டுகளில் ஒன்று செய்தேன். உள்காப்பு திட நெகிழியாலான கேபிளுக்குரிய 91 மி.மீ. அளவில், நுரை நெகிழிக் கேபிளை வெட்டிவிட்டேன். அதற்கு 114 மி.மீ. வேண்டியிருந்தது. ஒவ்வொரு துண்டிலும் பிழை சேர்ந்து, அந்த நீண்ட தடி 69 மி.மீ. கம்பியிடம் தோற்றது. கொலினியர்தான் வேண்டுமென்றால் தொழிற்சாலையில் செய்ததை வாங்குங்கள்.

மென்பொருளில் இரண்டு வழி. எல்லா நிரல்களும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், ஃபிளைட்அவேரின் பைஅவேர் போன்ற ஆயத்தப் பிம்பத்தை நினைவக அட்டையில் எழுதிச் சொருகினால் ஒரு மணி நேரத்தில் வரைபடம் வந்துவிடும். தரவை அந்தத் தளத்துக்கு அனுப்பினால், கைம்மாறாக அங்கே உயர்நிலைக் கணக்கும் கிடைக்கும். ஃபிளைட்ரேடார்24-உம் அப்படியே. வெறும் லினக்ஸில் ரீட்எஸ்பியை நிறுவினால் ஒரு மாலை கூடுதலாகச் செலவாகும். அதற்கு ஈடாக, ஒரே டாங்கிளிலிருந்து எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் தரவைப் பிரித்து அனுப்பலாம். எதற்குப் பின்னால் எது ஓடுகிறது என்பதும் புரியும். லினக்ஸ் பழக்கமில்லாதவர்கள் பிம்பத்தில் தொடங்குவதில் எந்தக் குறையும் இல்லை.

ஆன்டெனாவை நட்டு ஒரு வாரம் ஆனபின் டார்1090-இல் உங்கள் எல்லைக்கோட்டை, அதாவது எந்தத் திசையில் எவ்வளவு தூரம் எட்டியது என்று காட்டும் கோட்டை, பாருங்கள். 35,000 அடியில் பறக்கும் விமானம் சுமார் 400 கி.மீ. வரை நேர்க்கோட்டுப் பார்வையில் இருக்கும். அதற்கு முன்பே கோடு உள்வாங்கினால் அந்தத் திசையில் ஏதோ மறைக்கிறது. என் வரைபடத்தில் மேற்கே ஆப்பு வடிவில் ஒரு வெட்டு இருந்தது. அது மாடிப்படி அறையின் சுவர். பலகையையும் டாங்கிளையும் தொடவே இல்லை. கம்பத்தோடு இன்னொரு குழாயைச் சேர்த்து ஒன்றரை மீட்டர் உயர்த்தினேன். மறுநாள் மாலைக்குள் அந்த வெட்டு நிரம்பிவிட்டது.